காலுக்கு எத்தனை சதவீதம்?

விபத்து வழக்கு கோர்ட்டில் ஆரம்பிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியிலேயே ஆரம்பித்துவிடும். அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்த கையோடு டியூட்டி டாக்டர் கேட்பார்: "எப்படி அடிபட்டுச்சு?" கூட வந்தவர் பக்கத்துக் கடைக்காரராகவோ, ஏற்றிவந்த ஆட்டோக்காரராகவோ, தகவல் கேட்டுப் பதறியடித்து ஓடிவந்த மச்சினனாகவோ இருப்பார். அந்தப் பதற்றத்தில் அவர் வாயில் வருவதை டாக்டர் ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், ஓரிரு வரியில் எழுதிவிடுவார். தேதி, நேரம், இடம், மோதியது என்ன வண்டி, கொண்டுவந்தவர் யார். மது வாடை இருந்ததா என்பதும் அதிலேயே வந்துவிடும்.

அந்த வரியில் "பைக்கிலிருந்து தானாக விழுந்ததாகச் சொல்கிறார்" என்று இருந்துவிட்டால் போச்சு. இரண்டு மூன்று வருஷம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் எடுப்பார். எஃப்ஐஆர் ஒரு வாரம் கழித்துப் போட்டிருந்தால் இன்னும் வசதி. வழியில் போன ஏதோ ஒரு வண்டியைப் பிடித்துவந்து கேஸில் சேர்த்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். அப்படி நிஜமாகவே சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் நீதிபதிக்கும் சந்தேகம் வரும். உண்மையாக அடிபட்டவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

ஏன் அப்படிச் சொல்லித் தொலைக்கிறார்கள்? போலீஸ் கேஸ் என்றால் பிரைவேட் ஆஸ்பத்திரியில் சேர்க்கமாட்டார்கள் என்ற பயம் ஒன்று. (சேர்த்தே ஆகவேண்டும். அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காமல் உயிரைக் காப்பாற்ற வேண்டியது கடமை என்று உச்ச நீதிமன்றம் பர்மானந்த் கட்டாரா வழக்கில் 1989லேயே சொல்லிவிட்டது.) இன்னொன்று, மோதினது உள்ளூர்ப் பையனாக இருப்பான். அவன் அப்பா வந்து, "கேஸ் வேண்டாங்க, பையன் வெளிநாடு போகப்போறான், ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் நான் பாத்துக்கறேன்" என்று கெஞ்சுவார். முதல் பில்லைக் கட்டவும் செய்வார். பிளேட் வைத்த இடத்தில் சீழ் வைத்து இரண்டாவது ஆபரேஷன் என்று வரும்போது அவர் போன் எடுக்கமாட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், வண்டிக்கு இன்சூரன்ஸும் பையனுக்கு லைசென்ஸும் இருந்தால் இழப்பீட்டுப் பணம் அந்தக் குடும்பத்தின் பாக்கெட்டிலிருந்து போகப்போவதே இல்லை, கம்பெனிதான் கட்டும். பையன் மேல் வரும் கிரிமினல் கேஸ் தனி. காயம் மட்டும் என்றால் அது பெரும்பாலும் அபராதத்தோடு முடிகிறது. இந்த விஷயம் தெரியாமல் எத்தனையோ பேர் பாவம் பார்த்து விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

நான் வக்கீல் இல்லை. கொங்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாகப் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள். எங்கள் சீனியர் கையில் இருந்ததில் பாதிக்கு மேல் எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனுக்கள். சென்னையில் இதற்கு சிறுவழக்கு நீதிமன்றம். எங்கள் பக்கம் மாவட்ட நீதிபதியோ சார்பு நீதிபதியோ தீர்ப்பாயமாக உட்காருவார். விபத்து நடந்த ஊரில்தான் போடவேண்டும் என்றில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கிருஷ்ணகிரியில் லாரி மோதியதற்குக் கரூரில் மனுப் போடுவதெல்லாம் சாதாரணம்.

அந்த மனுவில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில், மாத வருமானம். வருமானக் கட்டத்துக்கு வரும்போது எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் அநேகமாகத் தடுமாறுவார். "அம்மணி, மாசம் எவ்வளவுன்னு கேட்டா நா என்னத்தச் சொல்றதுங்க? மழை வந்தா வேலையில்ல, ஆடி மாசம் வந்தா வேலையில்ல." பொம்பளைகள் வந்தால் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று அடிப்போம், வருமானம் என்ற இடத்தில் சிலர் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். அந்த ஒண்ணுமில்லைக்குத்தான் 2021 ஜனவரியில் கீர்த்தி எதிர் ஓரியண்டல் இன்சூரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. வீட்டு வேலைக்கும் உத்தேச வருமானம் கணக்கிட்டே ஆகவேண்டும் என்றது. அதில் நீதிபதி ரமணா எழுதிய பகுதியில் 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்துப்போட்டிருப்பார்: சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவழிக்கிறாள், ஆண் 97 நிமிஷம். 97 என்பதே எங்கள் ஊருக்குக் கொஞ்சம் தாராளமான எண்தான்.

சரி, இதை எழுத உட்கார்ந்ததே ஒரு கொத்தனாருக்காகத்தான். அவர் கேஸைச் சொன்னால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

வயது 38. டிவிஎஸ் எக்ஸெல்லில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது எதிரே வந்த வேன் மோதி வலது முழங்கால் மூட்டுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. பிளேட், ஸ்க்ரூ, அப்புறம் தொற்று, அப்புறம் இன்னொரு ஆபரேஷன். கடைசியில் எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் முட்டி பாதிக்கு மேல் மடங்காது. மெடிக்கல் போர்டில் நாற்பது சதவீதம் நிரந்தர ஊனம் என்று சான்று கொடுத்தார்கள்.

இந்த நாற்பதை வைத்துப் பணத்தை எப்படிக் கணக்குப் போடுவது என்பதில்தான் முழு விவகாரமும் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் ஒரு பழைய பழக்கம் உண்டு, ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று பெருக்கிவிடுவது. மூவாயிரம் என்று போட்ட காலம் உண்டு, ஐயாயிரம் போட்டதும் உண்டு. ஐயாயிரம் என்றே வைத்தால் நாற்பது சதவீதத்துக்கு இரண்டு லட்சம். கூடவே மருத்துவச் செலவு, வலி வேதனைக்கு ஒரு தொகை, சத்துணவுக்கு ஒரு தொகை, போக்குவரத்துக்கு ஒரு தொகை. முடிந்தது கதை.

இன்னொரு கணக்கு இருக்கிறது. மாத வருமானம் 15,000 என்று கோர்ட் எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். நாற்பது வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரருக்கு வருங்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்கவேண்டும். இது 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. ஆக 21,000. வருஷத்துக்கு 2,52,000. 36 முதல் 40 வயது வரை உள்ளவருக்குப் பெருக்கல் காரணி, அதாவது வருஷ வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்ற எண், 15. இந்த அட்டவணை 2009இல் சரளா வர்மா வழக்கில் வந்தது, எந்த எம்.சி.ஓ.பி. வக்கீலை நடு ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். பெருக்கினால் 37,80,000. அதில் சம்பாதிக்கும் திறன் போனது நாற்பது சதவீதம் என்றால் 15,12,000. இறந்துபோனவர் கேஸில் அவருடைய சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று கழிப்பார்கள். காயக் கேஸில் ஆள் உயிரோடு இருக்கிறார், சாப்பிடவேண்டும், அதனால் அந்தக் கழிவு கிடையாது.

அதே கால், அதே நாற்பது. ஒரு கணக்கில் இரண்டு லட்சம், இன்னொன்றில் பதினைந்து லட்சத்துச் சொச்சம்.

எந்தக் கணக்கு யாருக்கு என்பதை 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. உடம்பின் ஊனம் வேறு, அதனால் போகும் சம்பாத்தியம் வேறு. இடது கை துண்டிக்கப்பட்டால் உடல் ஊனம் அறுபது சதவீதம் என்று டாக்டர் சொல்லலாம். அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாத்தியம் கிட்டத்தட்ட நூறு சதவீதமும் போய்விட்டது. அரசாங்க குமாஸ்தாவாக இருந்தால் வேலை போகாமலே இருக்கலாம். இதை முடிவு செய்யவேண்டியது டாக்டர் இல்லை, தீர்ப்பாயம். விபத்துக்கு முன் என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியும், எதை முடியாது, வேறு வேலைக்குப் போக வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

நடைமுறையில் எங்கே தப்பு வருகிறதென்றால், அதைத் தீர்ப்பாயத்துக்கு யாராவது எடுத்துச் சொல்லவேண்டும். ஒவ்வொரு வக்கீல் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஒரு ரெடிமேட் பத்தி இருக்கும்: "மனுதாரர் விபத்துக்குப் பின் முன்போல் நடக்கவோ, ஓடவோ, மாடிப்படி ஏறவோ, கனமான பொருள்களைத் தூக்கவோ இயலாமல் அவதியுறுகிறார்." பூக்காரம்மாவுக்கும் அதுதான், காலேஜ் பையனுக்கும் அதுதான், தறி ஓட்டுபவருக்கும் அதுதான். பெயரையும் வயதையும் மாற்றினால் போதும். நீதிபதிகள் அந்தப் பத்தியைத் தினமும் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள், கண் அதில் நிற்பதே இல்லை.

எங்கள் ஆபீஸில் ஜூனியராக ஒரு அக்கா இருந்தார், கட்டட வேலைக் குடும்பத்திலிருந்து வந்தவர். அவர் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, கொத்தனாரை எதிரே உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அடிப்பூச்சுப் பூச என்ன செய்யணும்? குத்துக்காலிட்டு உட்காரணும். டைல்ஸ் ஒட்ட? மண்டி போடணும். மேல் பூச்சுக்கு? சாரத்தில் ஏறணும், சாரம் என்றால் படிக்கட்டு இல்லை, குறுக்குக் கம்பில் கால் வைத்து ஏறுவது, ஏறியபிறகு ஒரு பலகை மேல் நின்றுகொண்டு ஒரு கையில் கரணையும் இன்னொரு கையில் சாந்துச் சட்டியுமாக வேலை செய்வது. முட்டி மடங்காதவன் இதில் எதைச் செய்வான்? செங்கல் கட்டுமானத்தில் இடுப்பு உயரத்துக்கும் தோள் உயரத்துக்கும் நடுவில் இருக்கிற வரிசை மட்டும்தான் அவருக்கு மிச்சம். அதற்கு மட்டும் எந்த மேஸ்திரி கூலி கொடுப்பார்? பிரமாண வாக்குமூலத்தில் இதையெல்லாம் இப்படியே அடிக்கச் சொன்னார். நான் அடித்ததிலேயே மனுதாரரின் வேலை என்னவென்று எனக்கே புரிந்த வாக்குமூலம் அதுதான்.

வருமானத்துக்கு அந்த மேஸ்திரியைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு ஒன்று கொண்டுவந்தார். சிமெண்ட் பட்டுப் பட்டு அட்டை கெட்டியாகிப்போன நோட்டு. பக்கத்துக்கு ஒரு வாரம். இடப்பக்கம் ஆள்களின் பெயருக்கு எதிரே நாளுக்கு ஒரு கோடு, அரை நாள் என்றால் அரைக் கோடு, வலப்பக்கம் சனிக்கிழமை கொடுத்த கூலி, அதில் நடுவாரத்தில் வாங்கிய முன்பணம் கழித்திருக்கும். இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து, "இதில் மனுதாரர் கையெழுத்து எங்கேயாவது இருக்கிறதா?" என்றார். மேஸ்திரி ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டு, "சனிக்கெழமை கூலிக்கு எவனுங்க கையெழுத்துப் போட்டு வாங்கறான்?" என்றார். நீதிபதி குனிந்து எழுதுவதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

அப்படியும் தீர்ப்பு சதவீதக் கணக்கில்தான் வந்தது. குறுக்கு விசாரணையில் "இப்போது நடக்கிறீர்களா?" என்று கேட்டதற்கு "நடக்கறனுங்க" என்று கொத்தனார் சொல்லியிருந்தார். உண்மையைத்தானே சொன்னார். நடக்கிற ஆளுக்குச் சம்பாத்தியம் எப்படிப் போகும் என்ற தோரணையில் ஒரு பத்தி எழுதி, ஐயாயிரத்தால் பெருக்கிவிட்டார்கள். 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் சி.எம்.ஏ., அதாவது மேல்முறையீடு, போட்டார்கள். அங்கே வாக்குமூலத்தையும் மேஸ்திரியின் சாட்சியத்தையும் முழுதாகப் படித்துப் பெருக்கல் காரணி முறைக்கு மாற்றினார்கள். மேலே சொன்ன பதினைந்து லட்சக் கணக்கு உதாரணத்துக்காக நான் போட்டதில்லை, அவருக்கு வந்ததுதான். இந்தச் சாட்சியம் கீழ்க்கோர்ட்டிலேயே பதிவாகியிருக்காவிட்டால் மேலே போய்ப் படிப்பதற்கு அந்த ரெடிமேட் பத்தி மட்டும்தான் இருந்திருக்கும். உயர் நீதிமன்றமே தவறும் சமயங்களும் உண்டு. கர்நாடகத்தில் 2008இல் விபத்தில் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரி, சையது சாதிக், அவர் வழக்கில் உட்கார்ந்த இடத்தில் காய் விற்கிறவருக்கு அவ்வளவாக நடமாட்டம் தேவைப்படாது என்கிற மாதிரி உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுப்பது யார்? உச்ச நீதிமன்றம் 2014இல் அதை ஏற்காமல் 85 சதவீதம் சம்பாத்திய இழப்பு என்று எடுத்துக்கொண்டது. வருமானத்துக்குச் சான்றிதழ் இல்லை என்பதற்காகவும் அவரைத் தள்ளவில்லை, மாதம் 6,500 என்று வைத்தது.

மனுவில் கேட்ட தொகை குறைவாக இருந்தாலும் அதற்கு மேல் கொடுக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தலைப்பிலும் கேட்டதைக் கூட்டினால் பத்து லட்சம் வரும், கீழே "ஐந்து லட்சத்துக்குக் கட்டுப்படுத்திக்கொள்கிறோம்" என்று ஒரு வரி அடிப்போம். அந்த வரியைப் பார்த்துப் பயப்படவேண்டாம். நியாயமான இழப்பீடு அதைவிட அதிகம் என்று சாட்சியத்தில் தெரிந்தால் கொடுக்கலாம் என்று 2002இல் நாகப்பா வழக்கிலேயே முடிவாகிவிட்டது.

எல்லா விபத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிடும் என்றும் நினைத்துவிடக்கூடாது. நம் ஊரில் அப்படிப் பணம் கிடைக்காமல் போவது அதிகமும் இரண்டு இடத்தில். ஒன்று, துக்கத்துக்கும் சீருக்கும் கோயிலுக்கும் டாட்டா ஏஸிலும் மினி லாரியிலும் ஆள் ஏற்றிக்கொண்டு போவது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிறவருக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002இல் ஆஷா ராணி வழக்கில் தீர்ந்துபோன விஷயம். வண்டிக்காரர்தான் கட்டவேண்டும். அவரிடம் என்ன இருக்கும்? கடனில் வாங்கிய அந்த வண்டிதான் இருக்கும். இருபது பேர் வண்டி கவிழ்ந்து அடிபட்டு வந்து ஆபீஸ் வாசலில் நிற்கும்போது சீனியர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். இன்னொன்று, பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவர். விலை குறைவாக இருக்கிறதே என்று மூன்றாம் நபர் பாலிசி மட்டும் போட்டிருந்தால், ஓட்டியவர் தப்பில் வண்டி விழுந்து பின்னால் இருப்பவருக்கு அடிபட்டால் அந்தப் பாலிசி உதவாது. திலக் சிங் வழக்கு, 2006. முழுப் பாலிசி இருந்தால் கிடைக்கும். பின்சீட்டில் மனைவியை உட்காரவைத்து ஓட்டுகிறவர்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

லைசென்ஸ் இல்லாத டிரைவர் மோதினால் கேஸே நிற்காது என்று புரோக்கர்கள் பயமுறுத்துவார்கள், அது உண்மையில்லை. கம்பெனி உங்களுக்குக் கட்டிவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு போடுவது பல காலமாக நடப்பதுதான். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் வழி உண்டு: இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. இந்தத் தொகை 2022 ஏப்ரல் முதல். அதற்குத் தீர்ப்பாயம் போகவேண்டாம், வருவாய்த் துறை வழியாகக் கலெக்டர் வரை போகிற விண்ணப்பம் அது. சொற்பத் தொகைதான், ஆனால் அதைக்கூடக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் நிறைய.

சிகிச்சைக்கு இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஒரு லட்சம் வரை என்று ஆரம்பித்து அப்புறம் இரண்டு லட்சமாக்கினார்கள். அட்மிஷன் கவுன்டரில் நீங்களாகவே இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரைச் சாட்சி சொல்லியே ஆகவேண்டும் என்று யாரும் இழுக்கமுடியாது, மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று அதற்கே ஒரு பிரிவு வந்துவிட்டது.

காலக்கெடு விஷயத்தில் மட்டும் பழைய ஆள்கள் பேச்சைக் கேட்காதீர்கள். 1994க்கு அப்புறம் எம்.சி.ஓ.பி.க்குக் காலக்கெடுவே கிடையாது, நாலு வருஷம் கழித்துக்கூடப் போட்டார்கள். 2019 திருத்தம் அதை மாற்றி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் என்று கொண்டுவந்துவிட்டது, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. ஆனால் அதை நம்பி உட்காரவேண்டாம். ஆறு மாதம் என்பது எலும்பு சேர்வதற்குள் போய்விடும். ஊனச் சான்று வந்தபிறகுதான் மனு என்று பலர் காத்திருக்கிறார்கள். தேவையே இல்லை, மனுவைப் போட்டுவிட்டுச் சான்றை அப்புறம் ஆவணமாகக் குறியீடு செய்துகொள்ளலாம். இப்போது போலீஸே 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டும், அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் சட்டம் சொல்கிறது. காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஸ்டேஷனில் ஒரு ரைட்டருக்கு எத்தனை வேலை என்று பார்த்தவர்கள் அதை மட்டும் நம்பமாட்டார்கள்.

அரசு பஸ் மோதிய கேஸ் தனி ரகம். போக்குவரத்துக் கழகங்கள் இன்சூரன்ஸ் எடுக்காமல் தங்களுக்கென்று நிதி வைத்துக்கொள்ளச் சட்டமே விலக்குத் தருகிறது. அதனால் தீர்ப்பு வந்தபிறகும் பணம் வராமல் இழுக்கும். அப்புறம் தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி நிறைவேற்று மனு, அதற்கும் அசையாவிட்டால் ஜப்தி. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கோர்ட் ஊழியரான அமீனா ஜப்தி உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டுப் பக்கம் நிற்கிறார், கண்டக்டர் பயணிகளை அடுத்த பஸ்ஸுக்கு மாற்றுகிறார், ஒரு பாட்டி மட்டும் "டிக்கெட்டு எடுத்துட்டேன், எறங்கமாட்டேன்" என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். பஸ்ஸை ஓட்டிக்கொண்டுபோய்க் கோர்ட் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். பேப்பரில் செய்தி வந்ததும் ஒரு பகுதித் தொகையைக் கட்டி மீட்டுப் போனார்கள். மீதிக்கு இன்னொரு பஸ்.

கடைசியாகக் கட்டணம். ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் புரோக்கர்களைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது, வழக்கின் முடிவை வைத்து வக்கீல் ஃபீஸ் பேசக்கூடாது. எல்லா ஊரிலும் பேசுகிறார்கள் என்பதும் நிஜம். கையில் காசில்லாத கொத்தனார் வேறு எப்படி வக்கீல் வைப்பார் என்று சீனியர் கேட்பார், அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், ஊனமுற்றவர்கள் வருமானக் கணக்கே இல்லாமல் இலவச வக்கீல் கேட்கலாம், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசக் கூப்பிட்டால் போங்கள், பணம் சீக்கிரம் வரும், ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது. அதனால் போவதற்கு முன் மேலே போட்ட பெருக்கலை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டு போங்கள், கம்பெனி சொல்லும் தொகை எந்தக் கணக்கில் வருகிறதென்று தெரிந்துவிடும்.

பணம் இப்போது மனுதாரர் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. கொத்தனார் காலத்தில் அப்படி இல்லை, செக் ஆபீஸ் வழியாகத்தான் வந்தது. எங்கள் சீனியர் எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்று எழுதினால் அவர் இதைப் படித்துவிட்டுப் போன் பண்ணுவார். கொத்தனார் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேஸ்திரிக்குக் கோர்ட்டுக்கு வந்த நாளுக்கு ஒரு நாள் கூலி கொடுக்கவேண்டும் என்பதில்தான் பிடிவாதமாக இருந்தார், மேஸ்திரி வாங்கிக்கொண்டு அதையும் அந்த நோட்டில் எழுதிக்கொண்டார்.